உண்ணாமலை எலெக்ட்ரிக் ஒர்க்ஸின் ஒரே இஞ்சினீர்

இருசப்பன் தொண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். வட்டிக்கடைக்காரரிடம் அல்ல, மைத்துனனிடமும் அல்ல. கோடை விடுமுறையில் தன் பட்டறைக்கு வேலை பழக வந்த ஓர் இஞ்சினீரிங் காலேஜ் மாணவனிடம். அதுவும், கடன் என்று தெரியாமலே பட்ட கடன். அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி பிறக்கும் வரை அந்தக் கடன் அவர் தலைக்கு மேலேயே, சுவரில் ஆணி அடித்து, கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

இருசப்பன் யார் என்று சொல்லாமல் கடனை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. அடி அண்ணாமலையில் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். படிக்காதவர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. மூன்றாம் வகுப்பைப் படித்தார், அதையும் இரண்டு வருஷம் படித்தார். பிறகு வேலூரில் ஒரு மேஸ்திரியிடம் மோட்டார் வைண்டிங் பழகினார். எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து செப்புக் கம்பியைப் பிய்த்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டு ஓட வைக்கும் வேலை. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பழகியவன் கிளம்பும் நாளில் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே பணம் வைத்து, மேஸ்திரி காலில் விழுந்து எழ வேண்டும். இருசப்பன் தன் தாயார் கம்மலை அடகு வைத்து ஐம்பது ரூபாய் வைத்தார். மேஸ்திரி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆசீர்வாதம் செய்தார்.

ஐம்பத்தேழில் திருவண்ணாமலைக்குத் திரும்பி, செங்கம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் "உண்ணாமலை எலெக்ட்ரிக் ஒர்க்ஸ்" என்று போர்டு மாட்டினார். உண்ணாமலை என்பது அவர் சம்சாரத்தின் பெயர். வந்தவர்கள் அம்மன் பெயர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சம்சாரம் தன் பெயர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். இரண்டு பேரையும் அவர் திருத்தவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏற்றம் இறைத்தவர்கள் எல்லாம் கரண்டு மோட்டாருக்கு மாறிய காலம். வேலை கொட்டியது. ஐந்தே வருஷத்தில் சொந்தமாக மூன்று மேசை, ஒரு வார்னிஷ் அடுப்பு, ஒரு சைக்கிள். "எவனுக்கும் சல்லிக்காசு பாக்கி இல்லாதவன் இந்த ரோட்டுல நான் ஒருத்தன்தான்" என்று அவர் நாளுக்கு மூன்று முறை சொல்வார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

கம்பெனி என்றால் லெட்டர் பேப்பர் வேண்டும் அல்லவா. பிரஸ்காரர் கேட்டார்:

"பேருக்குக் கீழே இன்னா போடட்டும்?"

"பெரிய கம்பெனிங்க இன்னா போடுது?"

"இஞ்சினீர்ஸ் அண்டு கான்ட்ராக்டர்ஸ்னு போடுது."

"அதையே போடு."

அச்சாகி வந்தது. பட்டறையில் இஞ்சினீரும் இல்லை, கான்ட்ராக்டரும் இல்லை. ஆனால் பேப்பர் நல்ல கெட்டிப் பேப்பர்.

அந்தப் பேப்பரில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன்தான் மௌலி. அம்மன் சந்நிதியில் முறை பார்க்கும் உமாமகேஸ்வர குருக்களின் மகன், சென்னையில் ஒரு காலேஜில் எலெக்ட்ரிகல் மூன்றாம் வருஷம். கோடையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்து, அதற்கு முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் கடைசி வருஷத்துக்குள் விடுவார்கள். சென்னைக் கம்பெனிகளின் இடமெல்லாம் சிபாரிசுக்காரர்களுக்குப் போய்விட்டது. இன்னொன்றும் இருந்தது. ஹாஸ்டலில் மௌலிக்குச் சாப்பாட்டுப் பாக்கி தொண்ணூறு ரூபாய். காலேஜ் திறக்கும் அன்று கட்டாவிட்டால் பெயர் எடுத்துவிடுவதாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். குருக்கள் வீட்டில் உண்டைக்கட்டி மிஞ்சும், ரொக்கம் மிஞ்சாது. பயிற்சிக்கு வருகிற மாணவனுக்குக் கம்பெனி மாதம் நாற்பத்தைந்து ரூபாய் தர வேண்டும் என்பது காலேஜ் விதி. இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு. மௌலி அந்தக் கணக்கை நம்பித்தான் ஊருக்கு ரயில் ஏறினான்.

காலேஜிலிருந்து இருசப்பனுக்கு ஒரு கவர் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்து, முத்திரை குத்தி, இரண்டு பிரதி. ஒவ்வொரு பிரதியும் இரண்டு பக்கம். ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், மற்றதை வைத்துக்கொள்ள வேண்டும். படித்துச் சொல்ல அவருடைய கூட்டாளி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இராமலிங்கத்தைக் கூப்பிட்டார். பட்டறையில் அப்போது நான்கு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இராமலிங்கம் முதல் பக்கத்தைப் படித்து முடித்தார். "உங்கள் மேலான கம்பெனியில் எங்கள் மாணவனுக்குத் தொழில்நுட்பம் கற்பித்துத் தர வேண்டுகிறோம்னு எழுதியிருக்காங்க. இப்ப ரெண்டாம் பக்கம்…"

"தெரியும், தெரியும்" என்றார் இருசப்பன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் படித்துச் சொல்லித் தான் தெரிந்துகொள்வதாவது. "எல்லாம் நம்ம தொழில்ல இருக்கற வழக்கம்தான். கையெழுத்து எங்கன்னு மட்டும் காட்டு."

இரண்டு பிரதியிலும் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தையை எழுதக் கற்றுக்கொள்ளவே அவருக்கு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

மறுநாளே மேலான கம்பெனி என்று எழுதியிருந்த முதல் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. இரண்டாம் பக்கத்தை என்ன செய்வது என்று சட்டம் போடுகிறவர் கேட்டார். கடிதம் ஆடாமல் இருக்க மடித்து முட்டாகப் பின்னால் வை என்றார் இருசப்பன்.

மௌலி சித்திரை முதல் வாரம் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெற்றி நிறைய விபூதி. கையில் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல். எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரிக்கலாம் என்று சட்டைக் கையை மடித்தான்.

"அதெல்லாம் தொடாதே தம்பி. சட்டை அழுக்காயிடும்" என்றார் இருசப்பன். வாசலுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டிருந்தார். "நீ இங்க உக்காரு. அந்தக் குச்சியைக் கையில வச்சுக்கோ. யாராவது வந்தா அதை இழுத்து இழுத்துப் பாரு."

"நான் வேலை கத்துக்க வந்திருக்கேன் முதலாளி."

"உக்கார்றதும் வேலைதான். எனக்கு அது வராது."

அன்று முதல் மோட்டார் ரிப்பேருக்கு இரண்டு ரூபாய் ஜாஸ்தி ஆயிற்று. கேட்டவர்களிடம் இருசப்பன் நாற்காலிப் பக்கம் தலையை ஆட்டினார். "இஞ்சினீர் பாத்துக் குடுக்கறாரு."

மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தசரதன் என்ற விவசாயி மோட்டாரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மோட்டார் அந்தக் கோடையில் எரிவது அது நான்காவது முறை. சுற்றி முடித்துக் கொடுத்ததும் தசரதன் பணத்தை எடுக்காமல் மௌலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க அம்மன் சந்நிதி அய்யரு புள்ளதானே சாமி?"

"ஆமாம்."

"அப்ப ஒரு சூடம் காட்டிக் குடுங்க சாமி. இதுக்கு இன்னாமோ திருஷ்டி கீது."

மௌலி முகம் சிவந்துவிட்டது. "மோட்டாருக்கு எதுக்குங்க சூடம்? வோல்டேஜ் கம்மியா இருக்கறப்ப ஓட்டறீங்க. அதான் எரியுது."

தசரதனுக்கு அது காதில் விழவில்லை. இருசப்பன் மௌலியை வார்னிஷ் அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, காட்டிடு. இதுவும் டெஸ்டிங்தான்."

மௌலி காட்டினான். சின்ன வயதிலிருந்து பார்த்த கை, தானாகச் சுற்றியது. மோட்டாருக்கு விபூதிப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, தசரதன் கையில் விபூதியைக் கொடுக்கும்போது எரிச்சலில் சொன்னான்:

"வீட்டு விளக்கு மங்கலா எரியற நேரத்துல இந்த மோட்டாரைப் போடக் கூடாது. போட்டா தங்காது."

தசரதன் இரண்டு கையாலும் விபூதியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டில் முக்கால் ரூபாய் வைத்துவிட்டுப் போனார். மின்சாரம் தெரிந்தவன் சொன்னால் கேட்காத மனுஷர், சூடம் காட்டியவன் சொன்னதும் விரதமாகவே எடுத்துக்கொண்டார். விளக்கு மங்கினால் கிணற்றுப் பக்கமே போகவில்லை. பதினைந்து நாள் ஆகியும் மோட்டார் எரியவில்லை.

அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் இருந்த மோட்டாரெல்லாம், எரிந்தது, எரியாதது, புதுசாக வாங்கியது என்று செங்கம் ரோட்டுக்கு வர ஆரம்பித்தன. மௌலி தினம் மூன்று நான்கு மோட்டாருக்குச் சூடம் காட்டினான். இருசப்பன் தன் செலவில் ஒரு பித்தளை மணியும் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் உமாமகேஸ்வர குருக்கள் அந்தப் பக்கமாக வந்தவர், ரோட்டிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மணி அடிக்க வேண்டாம்னுதானேடா உன்னைப் படிக்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

தட்டில் விழுந்த காசை இருசப்பன் கல்லாவில் போடவில்லை. அந்த விஷயத்தில் அவர் சுத்தம். ஒரு பழைய வார்னிஷ் டப்பாவில் போட்டு மூடி, "இது சாமி காசு" என்று பரண் மேல் வைத்தார். அது எந்தச் சாமியுடையது என்று அவரும் யோசிக்கவில்லை, மௌலியும் கேட்கவில்லை. மௌலி எண்ணிக்கொண்டிருந்தது வேறு காசை.

முதல் மாதம் முடிந்த அன்று நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். இருசப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மேசையைத் துடைத்து, தட்டு வைக்க இடம் விட்டு உட்கார்ந்தார். பணக்காரப் படிப்புப் படிக்கிற பையன், ஒருவேளை மாதா மாதம் வைப்பானோ என்று ஒரு நினைப்பு. மௌலி தலையைப் படிய வாரிக்கொண்டு அவர் எதிரில் நின்றான். கடை சாத்தும் நேரம் தாண்டியும் நின்றான்.

"அப்புறம்…" என்றான் மௌலி.

"அப்புறம்… நீதான் சொல்லணும்."

"இல்ல, நீங்க சொல்லுங்கோ."

"சொல்ல இன்னா இருக்குது. ஒரேடியா கடைசியில பாத்துக்கலாம்" என்றார் இருசப்பன் பெருந்தன்மையாக.

"சரி முதலாளி. உங்க சௌகரியம்" என்றான் மௌலியும் பெருந்தன்மையாக.

தான் ஐம்பது வைத்த காலம் வேறு, இது இஞ்சினீர் படிப்பு, நூறாவது வைக்க வேண்டும் என்று இருசப்பன் தீர்மானித்துவிட்டார். ரோடு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. "காலேஜ்ல கத்துக்க முடியாததை நம்மகிட்டே கத்துக்க நூறு ரூவா குடுக்கறான்."

ஆனி முதல் தேதி கடைசி நாள். மறு வாரம் காலேஜ் திறக்கிறது. மௌலி ஒரு ஃபாரத்தோடு வந்தான். பட்டறையில் தசரதனும் இராமலிங்கமும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தம்பி, கையை வீசிக்கிட்டு வந்துட்டே?"

"ஃபாரம் கொண்டுவந்திருக்கேன் முதலாளி. ஒரு கையெழுத்து வேணும். அப்படியே அந்தத் தொண்ணூறையும்…"

"தொண்ணூறா? நூறு."

மௌலிக்குக் கண் விரிந்தது. "ஐயோ, நூறெல்லாம் வேண்டாம். கணக்குப்படி தொண்ணூறுதான்."

பேரம் பேசுகிறான் என்று நினைத்தார் இருசப்பன். தசரதன் எதிரில் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது அழகல்ல. "சரி போ. அய்யர் வூட்டுப் புள்ள. பத்து ரூவா தள்ளிக்கோ. வை."

"எதை வைக்கணும்?"

"பணத்தை."

"எந்தப் பணத்தை?"

"நீ குடுக்க வேண்டிய பணத்தை."

மௌலி ஃபாரத்தை மேசை மேல் வைத்தான். "முதலாளி, நீங்கதான் எனக்குத் தரணும். மாசம் நாற்பத்தஞ்சு. அதை வெச்சுத்தான் ஹாஸ்டல் பாக்கி கட்டணும். இல்லேன்னா என் பேரை எடுத்துடுவா."

"வேலை கத்துக்கறவனுக்கு கத்துக்குடுக்கறவன் பணம் குடுக்கறதா? எந்த ஊரு வழக்கம்டா இது?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கேளே."

"எங்க போட்டேன்? காட்டு."

மௌலி சுவரைக் காட்டினான். மேலான கம்பெனி கண்ணாடிக்குள் பளபளத்தது.

சட்டத்தை இறக்கினார்கள். பின்பக்க ஆணியை இருசப்பன் தன் கையாலேயே பிடுங்கினார். அவர் பிளையரால் பிடுங்கினால் எந்த ஆணியும் வளையாது, அதுவும் வளையவில்லை. அட்டைக்கும் கடிதத்துக்கும் நடுவே இரண்டாம் பக்கம் நான்காக மடித்து இருந்தது. இராமலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மாணவனுக்கு மாதம் ஒன்றுக்கு ரூபாய் நாற்பத்தைந்துக்குக் குறையாமல் கம்பெனி வழங்க வேண்டும். இதற்கு நான் சம்மதிக்கிறேன். கீழே, இருசப்பன், புரொப்ரைட்டர்."

"இதை அன்னைக்கே படிக்கறதுக்கு இன்னாய்யா?"

"படிக்கத்தான் வந்தேன். தெரியும் தெரியும்னு சொன்னது யாரு?"

தசரதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்பா இருசப்பா, யாருக்கும் பாக்கி இல்லேன்னு சொல்லிக்கினு இருந்தியே. ரெண்டு மாசமா அதுக்குக் கீழேயே உக்காந்து சொல்லியிருக்கே."

இருசப்பன் அந்தக் கையெழுத்தையே பார்த்தார். ஒரு மழைக்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கையெழுத்து, ஓர் எழுத்துக்கூட நெளியவில்லை. இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார். "வியாழக்கிழமை வா."

மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. கடனைக் குறைக்க ஒரு கணக்குப் போட்டார். மௌலி குடித்த காப்பி அறுபத்தொன்று. உடைத்த பல்பு ஒன்று. நாற்காலித் தேய்மானம். பித்தளை மணி. அதோடு, அவன் சொன்ன விரதத்தால் மோட்டார் எரிவதே நின்று போய், வைகாசி மாசம் வைண்டிங் வேலை பாதியாகக் கம்மியான நஷ்டம். இராத்திரி சோறு போட்டுக்கொண்டே உண்ணாமலை எல்லாவற்றையும் கேட்டாள்.

"இஞ்சினீர் பாத்தாருன்னு மோட்டாருக்கு ரெண்டு ரூவா ஜாஸ்தி வாங்கினியே. அது உன் கணக்குல எந்தப் பக்கம் வருது?"

இருசப்பன் சாதத்தைப் பிசைந்தார்.

"பரண் மேல டப்பா கீதே, அது யாரு காசு?"

"சாமி காசு."

"எந்தச் சாமி? கோயில்ல இருக்கற சாமியா, நம்ம கடையில மணி அடிச்ச சாமியா? தட்டுக் காசு தட்டுப் புடிச்சவனுக்குத்தானே. அதையும் சேத்துக் குடுத்து அனுப்பு. புள்ள நல்லா படிச்சுட்டுப் போவட்டும்."

அவள் தொண்ணூறுக்கு மேலே "அதையும் சேத்து" என்றுதான் சொன்னாள். சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். ஆனால் இருசப்பன் முகம் அந்த இரண்டு வார்த்தைக்கு முன்பே தெளிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டுப் பரணில் ஏறினார். எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று மூன்றேகால் ரூபாய். சாமிக்கு வந்தது சாமி பிள்ளைக்குப் போகிறது, இதில் எவனும் தப்புச் சொல்ல முடியாது. தன் பொருளில் கை வைக்காமல் கடனை அடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் வியாபாரம் தெரியும். உபரி மூன்றேகாலைச் சூடம் வாங்கிய செலவுக்கு எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் மௌலி வந்தபோது தசரதனையும் இராமலிங்கத்தையும் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார். பார்க்க ஆள் இல்லாமல் கடனை அடைத்து என்ன பிரயோஜனம். முதலில் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை இராமலிங்கத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிவிட்டுப் போட்டார். "கற்றுக்கொண்ட வேலை" என்ற இடம் காலியாக இருந்தது. மௌலி சற்று யோசித்து, டெஸ்டிங் என்று எழுதினான்.

பிறகு இஞ்சினீர்ஸ் அண்டு கான்ட்ராக்டர்ஸ் லெட்டர் பேப்பரில் இராமலிங்கம் எழுதிய ரசீதை நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு போடு."

மௌலி படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அது வெற்றுத் தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போட்டான்.

"புழைச்சுக்குவே" என்றார் இருசப்பன். டப்பா மூடியைத் திறந்தார். "கையை நீட்டு."

ஒற்றை ரூபாய் நோட்டு சில, மற்றதெல்லாம் எட்டணா, நாலணாச் சில்லறை. ஐந்து ஐந்து ரூபாயாக உள்ளங்கையில் எண்ணி வைத்தார். கை நிறைந்ததும் மௌலி கால்சட்டை ஜேபியில் கொட்டிக்கொண்டு மறுபடியும் நீட்டினான். இருபதைத் தாண்டும்போதே அவன் விரல்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. நாற்பதில் ஒரு நாலணாவில் குங்குமம் இருந்தது. அவன் அதைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். இருசப்பனைப் பார்த்தான்.

"இன்னா பாக்கறே? செல்லாக் காசா?"

"இல்ல முதலாளி. தெரிஞ்ச காசா இருக்கு."

"காசுல தெரிஞ்சது இன்னா, தெரியாதது இன்னா. எண்ணிக்கிறியா, இல்லியா?"

மௌலி இராமலிங்கத்தைப் பார்த்தான். இராமலிங்கம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் திறக்க நான்கு நாள் இருந்தது. மௌலி கையை மூடவில்லை.

"எண்ணுங்கோ" என்றான்.

எழுபது. எழுபத்தைந்து. இரண்டு ஜேபியும் கனத்துக் கால்சட்டை கீழே இறங்கியது, மௌலி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். எண்பத்தைந்து. இருசப்பன் எழுந்து நின்றார். கடைசி ஐந்து ரூபாயை ஒவ்வொரு நாலணாவாக, ரோட்டில் போகிறவர்களும் நின்று பார்க்கும்படி, விபூதி ஒட்டிய அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"தொண்ணூறு" என்றார் இருசப்பன். "எவனுக்கும் பாக்கி இல்ல."